நிலப் பத்திரத்திலிருந்து நிழல் வரை: வளரும் நகரத்தில் பூங்கா அமைக்கவும் சீரமைக்கவும் முழுமையான வழிகாட்டி

சென்னை மாநகராட்சியின் எல்லை 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், வளசரவாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் மாநகரத்துக்குள் வந்தன. பழைய சென்னையில் பூங்கா வந்த விதம் வேறு. தி.நகரை 1920-களில் திட்டமிட்டபோது பனகல் பூங்காவை நடுவில் வைத்துத்தான் தெருக்களை விரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த பகுதிகள் அப்படி வளரவில்லை. ஒரு வயல் ஒரு லேஅவுட் ஆனது, பக்கத்து வயல் அடுத்த லேஅவுட் ஆனது. பூங்காவுக்கென்று விட்ட இடம் மூலைக்கு ஒன்றாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாதி இடங்களில் பலகைகூட இல்லை.

இந்த வழிகாட்டி அந்தத் துண்டு இடங்களுக்காகவும், ஏற்கெனவே பூங்கா என்ற பெயரில் இருந்தும் யாரும் போகாத இடங்களுக்காகவும் எழுதியது. குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள், வார்டு உறுப்பினர்கள், மாநகராட்சியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் எல்லோருக்கும் பயன்படும். சென்னையை வைத்துச் சொல்கிறேன். கோவை, மதுரை, திருப்பூர், ஓசூர் வாசகர்களுக்கும் சட்டம் இதேதான். மண்ணும் மழையும் மட்டும் மாறும்.

நம் ஊரில் பூங்கா வேலை பெரும்பாலும் நுழைவு வளைவிலும் செயற்கை நீரூற்றிலும் தொடங்குகிறது. நிலத்தின் பத்திரம், மழைநீர், நிழல், பராமரிப்பு ஆள் என்ற நான்கும் கடைசிக்குப் போய்விடுகின்றன. பணம் அதற்குள் தீர்ந்துவிடும். இங்கே வரிசையை மாற்றி வைத்திருக்கிறேன்.

படி 1: நிலம் யார் பெயரில் இருக்கிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைப்பிரிவாகவோ பெரிய கட்டடமாகவோ மாற்றுகிறவர், சாலைப் பரப்பைக் கழித்து மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். 10,000 சதுர மீட்டர் வரை, இடம் விட வழியில்லாத சூழலில் அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் பணம் செல்லாது. நிலமாகவே விட்டு, தானப் பத்திரம் பதிவு செய்து, உள்ளாட்சி அமைப்பிடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும்.

சிக்கல் தொடங்குவது இந்த ஒப்படைப்புக்குப் பிறகுதான். பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயர் மாறியிருக்காது. பத்து வருடம் கழித்து அந்த இடத்தின் விலை பல மடங்கு ஏறியதும், பழைய உரிமையாளரின் வாரிசு பட்டாவோடு வந்து நிற்பார். அதனால் ஒரு செடி நடுவதற்கு முன்னால் ஐந்து காகிதங்களைக் கையில் சேருங்கள்:

- சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடம். அதில் பூங்கா என்று குறித்த இடமும் அதன் அளவுகளும் இருக்கும்.
- பதிவு செய்த தானப் பத்திரத்தின் நகல்.
- அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று.
- நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், அல்லது பட்டா.
- புலப்படம், அதாவது அந்த சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் நில அளவை வரைபடம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். பட்டா, நில அளவைப் பதிவேடு ஆகியவை தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் கிடைக்கும். தானப் பத்திர நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: இந்த சர்வே எண்ணில், இந்த மனைப்பிரிவு அனுமதி எண்ணின் கீழ் ஒதுக்கிய பூங்கா நிலத்தின் தானப் பத்திர நகலும் வரைபட நகலும் வேண்டும், அவ்வளவுதான். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று எழுதினால் அது தகவல் கேட்பதாக ஆகாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் நில அளவையரை வைத்து எல்லைக்கல் நடச் சொல்லி மனு கொடுங்கள். டேப்பைப் பிடித்து அளக்கும்போதுதான் பக்கத்து வீட்டு கார் ஷெட் இரண்டு அடி உள்ளே வந்திருப்பது தெரியும். அளந்த அன்றே கல் நட்டு, முள்கம்பியாவது கட்டிவிட வேண்டும்.

தனியாரைவிட அரசுத் துறைகளே பூங்கா நிலத்தை அதிகம் எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மர், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, வார்டு அலுவலகம் என ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றும் தேவையானதுதான், அதனால்தான் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் பூங்கா என்று ஒதுக்கிய இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான தீர்ப்பு இருக்கிறது. பெங்களூரில் லேஅவுட் பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனையும் பொது நன்மைக்குத்தானே என்ற வாதத்தை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-இலேயே ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. மனு எழுதும்போது இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள். மனுவைப் படிப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

படி 2: வார்டு வரைபடத்தில் வெற்றிடங்களைக் குறியுங்கள்

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டுதல்கள் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. அந்தக் கணக்கில் மனம் தளர வேண்டாம். நெருக்கமாகக் கட்டிய வார்டில் அதை எட்டவே முடியாது. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தெந்தத் தெருக்காரர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு பூங்காகூட இல்லை?

வார்டு வரைபடத்தை அச்சிட்டு, இருக்கும் ஒவ்வொரு பூங்காவின் வாசலிலிருந்தும் 400 மீட்டர் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ கால்வாயோ குறுக்கிட்டால் அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி நூறடிச் சாலையைக் கடந்து பூங்காவுக்கு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வட்டம் விழாத தெருக்களைப் பார்த்தால், பெரும்பாலும் வீடுகள் மிகச் சிறியதாக இருக்கும் தெருக்களாகவே இருக்கும். பால்கனியும் மொட்டை மாடியும் இல்லாதவர்களுக்குத்தான் பூங்காவும் இல்லை. முதல் பணம் அங்கே போக வேண்டும்.

அங்கே ஓ.எஸ்.ஆர். நிலமும் இல்லை என்றால் பள்ளி மைதானத்தை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்துவிடுவது, மேம்பாலத்தின் அடியில் இருக்கும் இடம், பழைய கிணற்றடி, குப்பைக் கிடங்காகக் கிடக்கும் மாநகராட்சி நிலம் என்று தேடுங்கள். கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 'நிழல்' என்ற மரப் பாதுகாப்பு அமைப்பும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து மரப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். நாட்டு மரங்களோடு அது இன்றைக்கு ஒரு சின்னக் காடு. நேரில் போய்ப் பார்க்கலாம்.

ஏரிக்கரைகளில் மட்டும் கவனம் வேண்டும். கரையில் நடைபாதை போடுகிறோம் என்று ஏரிக்குள் மண்ணைத் தள்ளி கான்கிரீட் சுவர் எழுப்பும் வேலையை நான் பூங்கா என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் நிற்கும் இடம் குறைந்தால் அந்தத் தண்ணீர் கரைக்குக் கீழே இருக்கும் தெருக்களுக்குத்தான் வரும்.

படி 3: வரைவதற்கு முன் எண்ணுங்கள்

ஏற்கெனவே பூங்கா இருந்தால், ஒரு வாரநாளும் ஒரு ஞாயிறும் போய் உட்காருங்கள். காலை ஆறு மணி, பதினொரு மணி, மதியம் இரண்டு, மாலை ஐந்து, இரவு எட்டு. ஒவ்வொரு வேளையும் கால் மணி நேரம் போதும். ஒரு தாளில் கட்டம் போட்டு ஆண்கள், பெண்கள், முதியவர்கள், பத்து வயதுக்குக் கீழ் குழந்தைகள், பத்து வயதுக்கு மேல் பையன்கள், பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் என்று தனித்தனியாக எண்ணுங்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த பெஞ்ச் காலியாகவே இருக்கிறது என்பதையும் குறியுங்கள்.

கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். வியன்னா நகரத்தில் 1990-களின் பிற்பகுதியில் இப்படிக் கவனித்தபோது, ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் பூங்காவிலிருந்து காணாமல் போவது தெரியவந்தது. பந்து விளையாடும் இடத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், சிறுமிகள் போட்டிபோடாமல் விலகிவிட்டார்கள். அங்கே இரண்டு பூங்காக்களில் ஒரே பெரிய திடலைப் பல சிறு இடங்களாகப் பிரித்தார்கள், வாசல்களைக் கூட்டினார்கள், இருக்கையும் வெளிச்சமும் போட்டார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். நம் பூங்காக்களில் மாலை ஐந்தரை மணிக்கு எண்ணிப் பாருங்கள். கிரிக்கெட் ஆடும் பையன்கள் நடுவில், நடக்கும் பெரியவர்கள் ஓரத்தில், சறுக்கு மரத்தில் சின்னக் குழந்தைகள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கும். அவர்களுக்கு ஒரு ஷட்டில் கோர்ட்டும், நாலைந்து பேர் எதிரெதிராக உட்கார்ந்து பேச வளைந்த திண்ணையும் வையுங்கள். பெரிய செலவே இல்லை.

மதிய நேரத்தை எண்ணச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பல பூங்காக்களைக் காலை பத்து மணிக்குப் பூட்டிவிட்டு மாலை நான்குக்குத்தான் திறக்கிறார்கள். மே மாதம் இரண்டு மணிக்கு அந்தப் பூட்டிய கேட்டுக்கு வெளியே பாருங்கள். சுவரோரம் விழும் ஒரு முழ நிழலில், உணவு டெலிவரி கொண்டுபோகும் பையன் வண்டியைச் சாய்த்து நிறுத்தி அதன் மேலேயே தலை சாய்த்திருப்பான். பக்கத்தில் குப்பை வண்டி தள்ளுகிற அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து மடியில் வைத்துச் சாப்பிடுவார். உள்ளே புங்க மரத்தடியில் நான்கு பெஞ்ச் காலியாக இருக்கும். நகரத்தில் வெயிலுக்கு அதிகம் ஆளாகிறவர்களுக்கு நிழல் வேண்டிய நேரத்தில் அதைப் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஒரு ரூபாய் செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய சீரமைப்பு, அந்தப் பூட்டைத் திறப்பதுதான்.

படி 4: கூட்டத்துக்கு வராதவர்களிடமும் கேளுங்கள்

ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வந்தன. பூங்கா விஷயத்தை அங்கே வைத்துப் பதிவு செய்யுங்கள். தீர்மானமாக எழுத்தில் இருந்தால் பின்னால் நிதி கேட்க உதவும். ஆனால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு நடைபாதை வேண்டும், சத்தம் கூடாது. அது அவர்கள் தேவை, ஊரின் முழுத் தேவை ஆகாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், பக்கத்துப் பள்ளி மாணவர்கள், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்கள், வாசலில் இளநீர் விற்பவர் ஆகியோரிடம் தனியாகப் போய்க் கேளுங்கள்.

"என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் ஜிம், நீரூற்று என்பார்கள், வேறு பூங்காவில் பார்த்ததைச் சொல்வார்கள். "நீங்கள் ஏன் இங்கே வருவதில்லை?" என்று கேளுங்கள். கழிப்பறை இல்லை, பின்பக்கம் இருட்டு, நாய்கள், குடிக்கிறவர்கள், உட்கார நிழலில்லை என்று பதில் வரும். பூங்காவின் உண்மையான வேலைப் பட்டியல் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

படி 5: மழைத் தண்ணீர் எங்கே போகும்?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே பூங்கா இரண்டு நிலைமையைத் தாங்க வேண்டும்: மூன்று மாதம் வெள்ளம், அப்புறம் நீண்ட வறட்சி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பத்து கிரவுண்ட் பூங்கா என்றால் 24,000 சதுர அடி, ஏறக்குறைய 2,230 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பூங்காவின் மேல் மட்டும் விழும் தண்ணீர் 2 லட்சத்து 23 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் 18 லோடுக்கும் மேல். ஏப்ரலில் காசு கொடுத்து வரவழைக்கும் அதே தண்ணீரை நவம்பரில் சாலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

செய்ய வேண்டியது எளிமையானது. பூங்காவின் நடுப்பகுதியையோ ஒரு மூலையையோ இரண்டு மூன்று அடி தாழ்வாக, சரிவான கரையோடு வெட்டுங்கள். நடைபாதைத் தண்ணீரும், முடிந்தால் பக்கத்துத் தெருத் தண்ணீரும் அதில் வந்து விழட்டும். நிரம்பினால் வெளியேற மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய் வையுங்கள். மாநகராட்சி இப்போது பல பூங்காக்களில் ஸ்பாஞ்ச் பார்க் என்ற பெயரில் இப்படிக் குளம் வெட்டுகிறது. நல்ல வேலை. தண்ணீர் வற்றியபின் அந்தத் தாழ்ந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடலாம். தெருத் தண்ணீரை உள்ளே விடும் முன் சாக்கடை கலக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளம் எவ்வளவு வேகமாக வடியும் என்பது மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல், ஊற்றியதும் குடிக்கும். தி.நகர் பக்கம் களிமண், நின்று நின்று வடியும். கிண்டி, வேளச்சேரியில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. இரண்டடிக்கு இரண்டடியாக இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். சில மணி நேரத்தில் வற்றினால் குளம் போதும். மறுநாளும் நின்றால், களிமண்ணைத் துளைத்துக் கீழே இருக்கும் மணலுக்குத் தண்ணீரை இறக்கும் உறிஞ்சு கிணறு சேர்த்தே ஆக வேண்டும்.

குழி வெட்டும்போது இன்னொன்றும் தெரியும். லேஅவுட் போட்டவர் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேலே ஒரு சாண் செம்மண் போட்டிருப்பார். செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வருகிற இடத்தில் மரம் வேர் பிடிக்காது. அதை அள்ளிவிட்டு நல்ல மண் நிரப்பும் செலவை மதிப்பீட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

வெளிச்சாலையின் மட்டத்தையும் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் சாலை உயர்ந்து, வாசலே பள்ளமாகியிருக்கும். வாசலை உயர்த்தி, தண்ணீர் உள்ளே வர வேறு இடத்தில் வழி விடுங்கள்.

புல்தரையைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் தண்ணீர் கேட்கும் கொரியன் புல்லை ஏக்கர் கணக்கில் விரித்து "புல்லின் மேல் நடக்காதீர்கள்" என்று பலகை வைப்பது, தண்ணீரையும் இடத்தையும் ஒருசேர வீணாக்குவது. அருகம்புல் போதும், மிதித்தாலும் மீளும். பக்கத்து அடுக்குமாடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் இருந்தால், மிஞ்சும் தண்ணீரைப் பூங்காவுக்குக் குழாய் போட்டுத் தரச் சொல்லிப் பேசுங்கள். அவர்களும் அதை எங்கே விடுவது என்று திண்டாடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

படி 6: நிழலைத் திட்டமிடுங்கள்

முதலில் இருக்கும் மரங்களை வரைபடத்தில் குறியுங்கள். மரத்தின் பெயர், சுற்றளவு, கிளை எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது. இருபது வருட வேப்பமரத்தை எந்த ஒப்பந்தக்காரராலும் வாங்கித் தர முடியாது. நடைபாதை மரத்தைச் சுற்றி வளைந்து போகட்டும். அடிமரம்வரை சிமென்ட் பூசிய மரங்களை விடுவியுங்கள்; மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே டெல்லி வழக்கொன்றில் உத்தரவிட்டிருக்கிறது.

எந்த மரம் நடலாம் என்பதற்குச் சென்னைக்கு வர்தா புயல் ஒரு பாடம் சொல்லிப்போனது. 2016 டிசம்பர் 12 அன்று அந்தப் புயலில் சாலையோர மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அழகுக்காக வைத்த குல்மொகர், மஞ்சள் பூப் பூக்கும் பெல்டோபோரம் ஆகியவை அதிகம் விழுந்தன. ஆகவே வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், மகிழம், இலுப்பை ஆகியவற்றை முதலில் எடுங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றுக்குப் புன்னை நன்றாகத் தாங்கும். தண்ணீர் தேங்கும் குளக்கரையில் நீர்மருது. பூவுக்கு ஆசைப்பட்டால் சரக்கொன்றை இருக்கிறது. இடம் பெரிதாக இருந்தால் ஒரு ஆலோ அரசோ நடுங்கள், பறவைகளுக்கு அது போதும். சீக்கிரம் பச்சை தெரிய வேண்டுமென்று கொனோகார்பஸ் வைக்காதீர்கள். தமிழ்நாடு அரசு 2025-இல் அதற்குத் தடையே போட்டுவிட்டது.

மூன்றடிக் குழி எடுத்து, மட்கிய எரு கலந்து, ஆறடிக்குக் குறையாத கன்றாக நடுங்கள். ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேர் பிடிக்க வைக்கும். சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் வெயிலில் நட்டுப் படம் எடுத்த கன்றுகளில் பாதி ஜூலைக்குள் காய்ந்துவிடும். முதல் இரண்டு கோடையும் வாரத்தில் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயரை இப்போதே எழுதுங்கள்.

மியாவாக்கி முறையில் நெருக்கமாக நடுவது சென்னையில் 2020-க்குப் பிறகு பரவலானது. சத்தமான சாலைப் பக்க ஓரத்துக்கு அது நல்ல திரை. ஆனால் அதன் உள்ளே யாரும் உட்கார முடியாது. பத்து கிரவுண்ட் பூங்காவில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டால் ஆட்களுக்கு இடம் எங்கே?

படி 7: பாதை, இருக்கை, விளக்கு, கழிப்பறை

பாதை இரண்டு மீட்டர் அகலம் இருந்தால் இருவர் சேர்ந்து நடக்கலாம், எதிரே சக்கர நாற்காலி வந்தாலும் ஒதுங்கலாம். சரிவு 12 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறக் கூடாது. மாடும் பைக்கும் வரக் கூடாதென்று வாசலில் வளைந்து நுழையும் கம்பி வைக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலியும் தள்ளுவண்டிக் குழந்தையும் நுழைய முடியாது. 90 சென்டிமீட்டர் இடைவெளியில் கற்தூண் நட்டால் பைக்கைத் தயங்க வைக்கலாம், நாற்காலி தாராளமாகப் போகும். மர வேருக்குப் பக்கத்தில் பேவர் பிளாக் பதித்தால் நாலைந்து வருடத்தில் எழும்பித் தடுக்கிவிடும். அங்கே மட்டும் இறுக்கிய கிராவல் போடுங்கள். எட்டு வடிவ நடைபாதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மிகவும் பிடித்தது, சிறு இடத்தில் வேண்டுமானால் ஒன்று வையுங்கள்.

இருக்கையை வரைபடத்தில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏப்ரல் மாதம் மாலை நாலரை மணிக்கு இடத்துக்குப் போய், எங்கே நிழல் விழுகிறதோ அங்கே சுண்ணாம்பால் குறி போடுங்கள். மேற்கு வெயில் படும் கிரானைட் பலகையில் ஏழு மணிவரை உட்கார முடியாது, சூடு அப்படியே இருக்கும். முதியவர்களுக்கு முதுகு சாயவும், கையூன்றி எழவும் வசதி வேண்டும். எல்லா பெஞ்சும் அப்படி வேண்டாம், பாதியாவது.

விளக்கு விஷயத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நாற்பதடி உயரத்தில் ஹைமாஸ்ட் என்ற உயர்கோபுர விளக்கு போடுவார்கள். வெளிச்சம் மரத்தின் தலையில் விழும், கீழே இருட்டாகவே இருக்கும். பன்னிரண்டு அடிக் கம்பத்தில், கிளைகளுக்குக் கீழே, பாதையை ஒட்டி விளக்கு வையுங்கள். சுற்றுச்சுவர் இடுப்பளவு போதும், அதற்கு மேல் கம்பி அழி. தெருவிலிருந்து உள்ளே தெரிந்தால் பெண்கள் தைரியமாக வருவார்கள், குடிக்கிறவர்கள் ஒதுங்குவார்கள்.

கழிப்பறை பூங்காவின் பின் மூலையில் வேண்டாம், வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இது இல்லாத பூங்காவில் பெண்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். குடிநீரும் அப்படித்தான்.

குழந்தைகளுக்கு மணல்தான் நல்லது. விழுந்தாலும் அடிபடாது, வெயிலில் ரப்பர் தரை அளவுக்குச் சுடாது, மணிக்கணக்கில் விளையாடலாம். இரும்புச் சறுக்கு மரத்தைக் கட்டாயம் நிழலில் வையுங்கள்.

படி 8: பணம்

வார்டு உறுப்பினர் நிதி, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என வழிகள் உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும். சங்கமாக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் காசு போட்டவர்கள் வேலையைக் கவனிப்பார்கள்.

மதிப்பீட்டைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களில் விடாப்பிடியாக இருங்கள். முதலாவது, மொத்தப் பணத்தையும் முதல் வருடமே செலவழிக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது அடுத்த ஆண்டுக்கு நிறுத்தி வையுங்கள். மக்கள் எந்தப் பாதையில் புல்லை மிதித்துக் குறுக்கே போகிறார்கள் என்பது திறந்த பிறகுதான் தெரியும். இரண்டாவது, மோட்டாரில் ஓடும் எதையும் வாங்கும் முன் அதைப் பழுதுபார்க்கும் ஆண்டுச் செலவைக் கேளுங்கள். செயற்கை நீரூற்று பெரும்பாலும் முதல் மோட்டார் கெட்டதோடு கொசு வளரும் தொட்டியாகிவிடும். ஒப்பந்தத்தில் கன்றுகள் உயிரோடு இருப்பதற்கும் ஒப்பந்தக்காரரே பொறுப்பு என்று எழுதுங்கள், நட்டதற்கு மட்டும் பணம் தர வேண்டாம்.

படி 9: பராமரிப்பு

பூங்காவுக்கு ஒரு ஆள் வேண்டும். தினமும் வருகிற, முகம் தெரிந்த ஒருவர். அவருக்கு ஒரு சின்ன அறை, கழிப்பறை, கருவி வைக்கும் பெட்டி, மாதம் தவறாத சம்பளம். இதைச் செய்யாமல் வேறு எது செய்தாலும் மூன்று வருடத்தில் பூங்கா பழைய நிலைக்கு வந்துவிடும். ஒப்பந்த முறையில் ஒருவரையே நாலைந்து பூங்காவுக்குப் போட்டிருந்தால் அதை முதலில் எதிர்த்துக் கேளுங்கள்.

தினசரி கூட்டுவதும் கழிப்பறையும். வாரம் ஒருமுறை ஊஞ்சல் சங்கிலி, சறுக்கு மரத்தின் ஓரம், விளக்குகள். சருகை எரிக்கக் கூடாது. ஒரு மூலையில் கம்பி வலைக் கூண்டு வைத்து அதில் கொட்டி, தண்ணீர் தெளித்துவந்தால் சில மாதங்களில் எரு கிடைக்கும், வெளியே வாங்க வேண்டாம். செப்டம்பரில் குளத்துக்கு வரும் வழியையும் வெளியேறும் குழாயையும் தூர் எடுத்து, காய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள். சென்னையில் புகாருக்கு 1913. புகார் எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாசல் அறையில் வையுங்கள்.

சங்கங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பராமரிப்பை ஏற்றுக்கொண்டால் பூங்கா உங்கள் சொத்தாகிவிடாது. ஓடக் கூடாது, பந்து கூடாது, படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, ஜோடியாக உட்காரக் கூடாது என்று பலகை வைத்துக்கொண்டே போனால் கடைசியில் காலை நடைக்கு வரும் ஐம்பது பேர் மட்டும் மிஞ்சுவார்கள். குப்பை போடாதீர்கள், மரத்தை ஒடிக்காதீர்கள் என்ற இரண்டு விதி போதும். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் வந்து சத்தம் போட்டு விளையாடினால் பூங்கா நன்றாக நடக்கிறது என்று பொருள்.

படி 10: திரும்பவும் எண்ணுங்கள்

திறந்து ஒரு வருடம் கழித்து, அதே தாள், அதே ஐந்து வேளை, அதே கட்டங்கள். பெண்கள் கூடியிருக்கிறார்களா? மதியம் ஆள் இருக்கிறதா? பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளின் கட்டத்தில் என்ன எண் விழுகிறது? நட்ட கன்றுகளில் எத்தனை நிற்கின்றன, அக்டோபர் மழையில் குளம் எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த பகுதி சபைக்குக் கொண்டுபோங்கள். நிறுத்தி வைத்த ஐந்தில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று அங்கேயே தீர்மானம் போட்டுவிடலாம்.